ஆஞ்சியோ முடிந்த பிறகு: மாத்திரையா, ஸ்டென்டா, பைபாஸா என்று முடிவெடுப்பது எப்படி

2023 தைப்பூசத்துக்கு என் அண்ணன் பழனிக்கு நடந்தார். பதினெட்டு ஆண்டுகளாக நடக்கிறவர். குன்றக்குடியில் காவடிகளோடு புறப்பட்டு, சிங்கம்புணரி வருவதற்கு முன்பே, நடுநெஞ்சில் அம்மிக்குழவியை வைத்து அழுத்துவது போல இருக்கிறது என்று வழியில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் விட்டுவிடும். எழுந்து அரை கிலோமீட்டர் நடந்தால் மறுபடியும் வரும். "வாயுதான் ஆத்தா, பயப்படாதே" என்று தொலைபேசியில் என்னிடம் சொன்னார். அறுபத்து மூன்று வயது, பதினான்கு ஆண்டுச் சர்க்கரை, நடந்தால் வந்து நின்றால் போகிற அழுத்தம். வாயு இப்படிக் கணக்கு வைத்துக்கொண்டு வராது. அங்கிருந்தே காரில் திரும்பி வரச் சொன்னேன்.

மாசியில் ஆஞ்சியோகிராம், அதாவது இதயத்தின் ரத்தக்குழாய்களில் மருந்து செலுத்தி எடுக்கும் படம், எடுத்தார்கள். அண்ணன் இன்னும் உள்ளே மேசையில் படுத்திருக்கும்போதே ஒருவர் வெளியே வந்து, "மூன்று பிளாக் இருக்கிறது. கம்பி உள்ளேதான் இருக்கிறது, இப்போதே இரண்டு ஸ்டென்ட் வைத்துவிடலாம். கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு படிவத்தை நீட்டினார். நான் சிவகங்கை மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 29 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள். இதய மாத்திரைகளை எண்ணி எண்ணிக் கொடுத்த கை இது. அந்தக் கை பேனாவை வாங்கிவிட்டது. அண்ணமிண்டிதான் (அண்ணன் மனைவி) கேட்டார்: "அவரிடம் கேட்காமலா?" அந்த ஒரு கேள்வியால் நாங்கள் கையெழுத்துப் போடவில்லை. படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு காரைக்குடிப் பக்கத்தில் உள்ள பள்ளத்தூருக்குத் திரும்பினோம்.

அடுத்த பதினேழு நாட்களில் நாங்கள் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஸ்டென்ட் என்பது அடைத்த குழாயை விரித்துத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல். பைபாஸ் என்பது அடைப்பைத் தாண்டி ரத்தம் போக வேறு குழாயை இணைக்கும் அறுவை. நான் மருத்துவர் அல்ல. மருத்துவரிடம் எதை எடுத்துக்கொண்டு போக வேண்டும், எதைக் கேட்க வேண்டும், வந்த பதிலை எப்படி எடை போட வேண்டும் என்பதுதான் நான் சொல்லக்கூடியது.

முதலில், காத்திருக்க நேரம் இருக்கிறதா?

இதை முடிவு செய்யாமல் வேறெதையும் ஒப்பிடக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு அழுத்தம் வந்து பத்து, பதினைந்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால், வியர்த்துக் கொட்டினால், இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ வலி பரவினால், மூச்சு முட்டினால் அது மாரடைப்பாக இருக்கலாம். சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பாக, வாந்தியாக, மூச்சுத் திணறலாகக்கூட வரும். அப்போது வரவு பற்றுக் கணக்கு எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. 108-ஐ அழைக்க வேண்டும். முழுதாக அடைத்துக்கொண்ட குழாயைத் திறப்பது அந்த நேரத்தில் உயிரைக் காக்கிறது. ஸ்டென்டின் பெருமை எல்லாம் அங்கேதான் முழுமையாக விளங்கும்.

நம் பகுதியில் இருந்து மதுரையோ திருச்சியோ போக இரண்டு மணி நேரம் ஆகிவிடுகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் குழாயைத் திறக்கும் வசதி கிடைக்காது என்று தெரிந்தால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அருகில் உள்ள மருத்துவமனையிலேயே போட்டுவிட்டுப் பெரிய இடத்துக்கு அனுப்புவதுதான் முறை. "இங்கே ஒன்றும் வேண்டாம், நேராக மதுரைக்கே போய்விடுகிறோம்" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். இன்னொன்று: 'இதயம் காப்போம்' திட்டத்தில் 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், கிளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மூன்றையும் முதல் தவணையாக அங்கேயே கொடுத்து அனுப்புகிறார்கள். கொத்தமங்கலத்திலோ கானாடுகாத்தானிலோ நடு இரவில் வலி வந்தால், பக்கத்தில் இருப்பது எது என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனுக்கு வந்தது இந்த வகை அல்ல. பல வாரங்களாக ஒரே அளவு உழைப்பில் வந்து ஓய்வில் போகிற வலி. இதற்கு நிலையான நெஞ்சு வலி என்று பெயர். வலி நாளுக்கு நாள் குறைந்த உழைப்பிலேயே வர ஆரம்பித்தால் அது நிலையானது அல்ல, உடனே போக வேண்டும். நிலையாக இருக்கும்வரை யோசிக்க நாட்கள் இருக்கின்றன. ஆஞ்சியோ மேசைக்கு வெளியே ஐந்து நிமிடத்தில் முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. ஆஞ்சியோவுக்குப் போகும் முன்பே, "அவசரம் என்றால் ஒழிய, படம் மட்டும் எடுங்கள், மற்றதைப் பேசி முடிவு செய்கிறோம்" என்று நோயாளியே மருத்துவரிடம் சொல்லி, படிவத்திலும் எழுதச் சொல்லிவிடலாம். நாங்கள் அதைச் செய்யத் தவறினோம்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஆஞ்சியோ அறிக்கை மட்டும் போதாது, படம் பதிந்த குறுந்தகடு வேண்டும். அது உங்கள் சொத்து, கேட்டால் கொடுப்பார்கள். இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிற இடத்தில் அறிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள், படத்தைத்தான் ஓட்டிப் பார்ப்பார்கள். கூடவே எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) அறிக்கை, ஈசிஜி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்புப் பட்டியல், சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள். பெயரை எழுதிக் கொண்டுபோவதைவிட அட்டையையே கொண்டுபோங்கள். எங்கள் கவுன்டருக்கு வருகிறவர்கள் "அந்த வெள்ளை மாத்திரை" என்பார்கள். என்னிடம் வெள்ளை மாத்திரை நாற்பது வகை இருக்கும்.

அறிக்கையில் தேட வேண்டியவை நான்கு. ஒன்று, இடதுபக்கத் தாய்க்குழாய். 'லெஃப்ட் மெயின்' என்று இருக்கும். இது இரண்டாகப் பிரிந்துதான் இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் போகிறது. இதில் பாதி அடைப்பு, அதாவது 50 சதவீதம் இருந்தாலே பெரிய விஷயம். இரண்டு, முன்பக்கம் இறங்கும் எல்.ஏ.டி. குழாயின் தொடக்கத்தில் அடைப்பு இருக்கிறதா என்பது. மூன்று, மொத்தம் எத்தனை குழாய்களில் 70 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்பது. நான்காவது ஆஞ்சியோவில் இருக்காது, எக்கோவில் இருக்கும்: இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்கிற சதவீதம். 55, 60 என்றால் நல்லது. 35-க்குக் கீழே என்றால் கணக்கே மாறிவிடும்.

சதவீதத்தைக் கண்டு மட்டும் மிரள வேண்டாம். கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் அது. ஒரே படத்தை ஒருவர் 60 என்பார், மற்றவர் 75 என்பார். இடைப்பட்ட அடைப்பு என்றால், மெல்லிய அழுத்தமானிக் கம்பியை உள்ளே விட்டு அடைப்புக்கு முன்னும் பின்னும் ரத்த அழுத்தத்தை அளக்கும் முறை இருக்கிறது. அந்த அளவு 0.80-க்கு மேல் இருந்தால் அந்த இடத்தில் ஸ்டென்ட் வைப்பதால் பெரும்பாலும் பயன் இல்லை. "இந்த அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்று ஒரு கேள்வி கேட்பதில் தவறே இல்லை.

அப்பச்சியின் ஐந்தொகை

எங்கள் அப்பச்சி (அப்பா) பினாங்கில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து மேலாள்வரை ஆனவர். ஊர் திரும்பிய பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக் கணக்குக்கே ஐந்தொகை எடுப்பார். வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம், நிலுவை கீழே. அன்று வளவில் பாய் விரித்து, மூன்று முழுத் தாள்களை எடுத்து, ஒவ்வொன்றின் தலைப்பிலும் மாத்திரை, ஸ்டென்ட், பைபாஸ் என்று எழுதினேன். நடுவில் கோடு. இந்த வழி அண்ணனுக்குக் கொடுப்பது என்ன, அவரிடம் இருந்து எடுப்பது என்ன. நீங்களும் இப்படியே எழுதுங்கள். ஆனால் வரவுப் பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: 'வலி குறையும்' என்பது ஒரு வரி, 'ஆயுள் கூடும்' என்பது வேறு வரி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான வீடுகளில் முடிவு தவறுகிறது.

ஏன் அவை வேறு வேறு என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் குழாயைத் தண்ணீர்க் குழாய் போல நினைக்கிறோம். துரு பிடித்து அடைத்தது, குத்தி எடுத்தால் தீர்ந்தது என்று. ரத்தக்குழாய் உயிருள்ள சுவர். அதன் தோலுக்கு அடியில் கொழுப்பு சேர்ந்து, ஒரு நாள் அந்தத் தோல் கிழிந்து, அதன் மேல் ரத்தம் உறைந்தால்தான் மாரடைப்பு. கிழிவது 80 சதவீத அடைப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. படத்தில் சாதாரணமாகத் தெரிந்த 40 சதவீத இடமும் கிழியலாம். ஸ்டென்ட் ஒரு அங்குல இடத்தைத் திறக்கிறது. நோய் குழாய் நெடுகிலும் இருக்கிறது. நெடுகிலும் போய் வேலை செய்வது மாத்திரைதான்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2007-இல் வெளியான கரேஜ் ஆய்வில் நிலையான நெஞ்சு வலி உள்ள 2,287 பேரில் பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு மாத்திரையோடு ஸ்டென்ட். மரணத்திலும் மாரடைப்பிலும் வேறுபாடு இல்லை. "ஸ்டென்ட் பழையது, நோயாளிகள் லேசானவர்கள்" என்று மறுத்தார்கள். பிறகு இந்தியா உட்பட 37 நாடுகளில், இதயத்துக்குப் போகும் ரத்தம் கடுமையாகக் குறைந்தவர்களையும் சேர்த்து 5,179 பேரிடம் செய்த இஸ்கீமியா ஆய்வு 2020-இல் வெளியானது. மூன்று ஆண்டுக்குச் சற்று மேலான காலத்தில், உடனே ஸ்டென்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும் முதலில் மாத்திரையில் இருந்தவர்களுக்கும் மரணம், மாரடைப்பு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குறிப்பிடும்படி வித்தியாசம் வரவில்லை. ஆனால் வலி உள்ளவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது செய்துகொண்டவர்களிடம்தான். அந்த ஆய்வில் தாய்க்குழாய் அடைப்பு உள்ளவர்களையும், இதயம் மிகவும் பலவீனமானவர்களையும் சேர்க்கவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. அவர்களுக்கு இந்த ஆறுதல் பொருந்தாது.

மாத்திரைத் தாள்

இது என் தொழில், அதனால் சற்று நீளமாகவே சொல்வேன். 'மாத்திரை மட்டும்' என்றால் ஒன்றும் செய்யாமல் விடுவது என்று பலர் நினைக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் மூன்று வழிகளிலும் அதிக உழைப்பு கேட்பது இதுதான்.

ஆஸ்பிரின் 75 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பின், ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமல் இருக்க. அட்டோர்வாஸ்டாட்டின் 40 அல்லது 80, கொழுப்பைக் குறைக்க மட்டுமல்ல, குழாயின் உள்தோல் கிழியாமல் உறுதிப்படுத்தவும். இதைத்தான் ஜனங்கள் முதலில் நிறுத்துகிறார்கள். "கொழுப்பு சரியாகிவிட்டது, எதற்கு மாத்திரை?" என்று கேட்டவர்களுக்கு நான் இருபது ஆண்டு ஒரே பதில் சொன்னேன்: கொழுப்பு சரியாக இருப்பது மாத்திரை சாப்பிடுவதால். இதய நோய் வந்தவருக்கு எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழ் இருக்க வேண்டும். பல மருத்துவர்கள் 55-க்குக் கீழ் கேட்கிறார்கள். ஆய்வகத் தாளில் '100 வரை இயல்பு' என்று அச்சிட்டிருப்பது உங்களுக்கு அல்ல. தசை வலி கடுமையாக வந்தால் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு. நீங்களாக விடாதீர்கள்.

மெட்டோப்ரோலால் போன்றவை இதயத் துடிப்பை மெதுவாக்கி, இதயத்தின் ரத்தத் தேவையைக் குறைக்கும். திடீரென்று நிறுத்தினால் வலி முன்பைவிடக் கூடும். நைட்ரேட் வகை குழாய்களை விரிக்கும். முதல் வாரம் தலைவலி தரும், பெரும்பாலும் பிறகு பழகிவிடும். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும், நின்றபடி வைத்துத் தலைசுற்றி விழுந்தவர்கள் உண்டு. சில்டெனாஃபில் வகை ஆண்மை மாத்திரை எடுப்பவர் நைட்ரேட்டைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கிவிடும். வெட்கப்பட்டு இதை மறைப்பவர்கள் பலர். மருத்துவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் ஆச்சி (அக்கா) வீட்டுக்காரர், தேவகோட்டை அயித்தான், இந்த வழியில் நான்காம் ஆண்டாக இருக்கிறார். வலதுபக்கக் குழாய் ஒன்றில் மட்டும் 80 சதவீதம், தாய்க்குழாய் சுத்தம், இதயத் திறன் 60. மூன்று மாதம் மாத்திரையை முழு அளவில் எடுத்துப் பார்ப்போம், வலி அடங்காவிட்டால் ஸ்டென்ட் என்று மருத்துவரோடு பேசி வைத்துக்கொண்டார். தினமும் வந்த வலி மாதம் ஒருமுறை என்றாகி, பிறகு நின்றது. மாத்திரை வழியைத் தேர்ந்தால் இப்படி நாள் குறித்துத் தேருங்கள். தவணை இல்லாத கடன் ஆகாது.

ஸ்டென்ட் தாள்

கண்டனூரில் என் பள்ளித் தோழி ஒருத்திக்கு மாத்திரை ஒத்துவரவில்லை. அளவைக் கூட்டினால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல், குறைத்தால் வலி. முன்வாசல் கோலத்தைக்கூட ஒரே மூச்சில் போட முடியவில்லை. அவளுக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மணிக்கட்டு வழியாக, ஒரு மணி நேரத்துக்குள். மூன்றாம் நாள் வீடு, இரண்டாம் வாரம் கோலம். இவளுக்குச் செய்தது சரி. 2023-இல் வந்த ஆர்பிட்டா-2 ஆய்வில், வைத்ததாகப் பாவனை மட்டும் செய்தவர்களையும் உண்மையில் வைத்தவர்களையும் ஒப்பிட்டு, ஸ்டென்ட் வலியை மெய்யாகவே குறைக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள்.

பற்றுப் பக்கம் எழுத வேண்டியது: ஆஸ்பிரினோடு கிளோபிடோக்ரெல் போன்ற இன்னொரு மாத்திரை, நிலையான வலிக்கு வைத்தால் வழக்கமாக ஆறு மாதம், மாரடைப்புக்குப் பின் வைத்தால் ஓராண்டு. இதை ஒரு வாரம் விட்டால்கூட ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து உயிர் போகலாம். பல் பிடுங்கப் போன இடத்தில் "நிறுத்திவிட்டு வாருங்கள்" என்று சொன்னாலும், இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அந்தக் காலத்துக்குள் மூட்டு மாற்று, குடலிறக்கம் என்று ஏதாவது அறுவை சிகிச்சை நினைத்திருந்தால் ஸ்டென்ட் வைக்கும் முன்பே சொல்லுங்கள். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆஞ்சியோவில் செலுத்தும் மருந்தின் அளவையும் கவனிக்க வேண்டும்.

பைபாஸ் தாள்

பெயரைக் கேட்டாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது. எங்கள் வீட்டிலும் தொடங்கியது. இது நேற்று வந்த வித்தை அல்ல. அர்ஜென்டினாக்காரரான ரெனே ஃபவலோரோ 1967-இல் கிளீவ்லாந்தில் காலின் நரம்பை, அதாவது சிரையை, எடுத்து இந்த முறையை நிலைநாட்டினார். இந்தியாவின் முதல் பைபாஸ் 1975-இல் நம் சென்னையில், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில், டாக்டர் கே.எம். செரியன் செய்தது. பலூன் வைத்துக் குழாயை விரிக்கும் முறையே அதற்குப் பிறகுதான், 1977 செப்டம்பரில், சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக்கால் வந்தது.

வரவுப் பக்கத்தில் சில பேருக்கு இதில் மட்டும்தான் 'ஆயுள் கூடும்' என்ற வரி தெளிவாக நிரம்புகிறது: தாய்க்குழாய் அடைப்பு, மூன்று குழாய் அடைப்போடு சர்க்கரை, மூன்று குழாய் அடைப்போடு பலவீனமான இதயம். (தாய்க்குழாயில் மட்டும் எளிய அடைப்பு என்றால் ஸ்டென்டும் ஏற்கத்தக்கது.) சர்க்கரைக்காரர்களுக்கு என்றே 1,900 பேரிடம் நடந்த ஃப்ரீடம் ஆய்வு 2012-இல் வந்தது. ஐந்து ஆண்டுகளில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் இவற்றில் ஏதாவது ஒன்று ஸ்டென்ட் வைத்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 27 பேருக்கு. பைபாஸ் செய்தவர்களில் 19 பேருக்கு. மரணம் மட்டும் என்றால் 16-க்கு 11. ஆனால் பக்கவாதம் பைபாஸ் பக்கம்தான் அதிகம்: 5, ஸ்டென்டில் 2. அந்தப் பக்கவாத எண்ணையும் அண்ணனிடம் மறைக்காமல் படித்துக் காட்டினேன்.

காரணம் புரிந்தால் மனம் ஒப்பும். ஸ்டென்ட் ஒரு அடைப்பைச் சரிசெய்கிறது. பைபாஸ் அடைப்புக்கு வெகு கீழே கொண்டுபோய் இணைப்பதால், நாளை மேலே புதிதாக அடைத்தாலும் ரத்தம் போகும். மார்புக்கூட்டின் உள்சுவரில் ஓடும் தமனியை எடுத்து எல்.ஏ.டி.யில் இணைப்பது பத்து ஆண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்தே இருக்கும். கால் நரம்புகள் அவ்வளவு நீடிப்பதில்லை. பத்து ஆண்டில் ஏறக்குறைய பாதி அடைத்துக்கொள்கின்றன. ஆகவே, "உள்மார்புத் தமனியைப் பயன்படுத்துவீர்களா? எத்தனை தமனி, எத்தனை நரம்பு?" என்று கேளுங்கள்.

பற்றுப் பக்கமும் கனமானது. மார்பெலும்பைப் பிளந்து கம்பியால் கட்டுகிறார்கள். அந்த எலும்பு ஒன்றுசேர எட்டு முதல் பன்னிரண்டு வாரம். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, இருசக்கர வண்டி ஓட்டக் கூடாது, கையை ஊன்றி எழக் கூடாது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். கால் வீங்கும். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் காரணமில்லாமல் அழுகையும் எரிச்சலும் வரும். இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுதபோது அண்ணமிண்டி பயந்துபோனார்.

யாரைக் கேட்பது

ஸ்டென்ட் வைப்பவரையும் பைபாஸ் செய்பவரையும் தனித்தனியாகப் பாருங்கள். இருவரும் சேர்ந்து படத்தைப் பார்த்துப் பேசுகிற இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. மதுரையில் நாங்கள் பார்த்த அறுவை மருத்துவர் குறுந்தகட்டைப் போட்டு, 'சின்டாக்ஸ்' மதிப்பெண்ணைக் கணக்கிட்டுச் சொன்னார். அடைப்புகளின் சிக்கலை அளக்கும் எண் அது. 22 வரை எளிது, 33-உம் அதற்கு மேலும் கடினம். எண் ஏற ஏற பைபாஸின் பக்கம் தராசு சாயும். அண்ணனுக்கு 34. மூன்று குழாய், சர்க்கரை, 34. மூன்று தாள்களும் அவர் மடியில்தான் இருந்தன. மற்றவர்கள் யாரும் பேசவில்லை. "நான் திரும்பப் பழனிக்கு நடக்க வேண்டும், அடுத்தவர் கைப்பிடித்து அல்ல" என்றார். பங்குனியில் பைபாஸ் நடந்தது.

இந்தக் கேள்வியை உங்கள் வீட்டு நோயாளியிடமும் கேளுங்கள்: இந்த சிகிச்சைக்குப் பிறகு எதைச் செய்ய முடிய வேண்டும்? எண்பது வயதில் வீட்டுக்குள் நடமாடினால் போதும் என்கிறவருக்கும், கடையைத் தினமும் திறக்க வேண்டும் என்கிறவருக்கும் விடை ஒன்றாக இருக்காது. பிள்ளைகள் சிங்கப்பூரில் இருந்தோ பெங்களூரில் இருந்தோ தொலைபேசியில் சொல்வது இரண்டாவதாக இருக்கட்டும்.

பணமும் வீடும்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உண்டு. ஸ்டென்டும் பைபாஸும் அதில் அடங்கும். மருத்துவமனை முன் அனுமதி வாங்க வேண்டும், ஆகவே அட்டையைச் சேரும்போதே கொடுங்கள், பணம் கட்டிவிட்டுப் பிறகு தேடாதீர்கள். ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்ச விலை வைத்தது. ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற மருந்து தடவிய ஸ்டென்டுக்கு அப்போது 29,600 ரூபாய். அதன் பிறகு அவ்வப்போது திருத்துகிறார்கள். ரசீதில் ஸ்டென்டின் விலை, நிறுவனம், தொகுதி எண் தனியாக இருக்க வேண்டும். டப்பாவில் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி ரசீதோடு ஒட்டி வையுங்கள்.

வீட்டைப் பற்றியும் ஒரு சொல். நம் வீடுகள் முகப்பில் இருந்து மூன்றாம் கட்டுவரை ஒரு தெரு நீளம், கழிப்பறை கடைசியில். பைபாஸ் முடிந்து வருகிறவருக்கு முன்கட்டிலேயே ஒரு அறையும் உட்கார்ந்து எழும் வகைக் கழிப்பறையும் வேண்டும். நாங்கள் அண்ணன் மருத்துவமனையில் இருந்த ஒன்பது நாட்களில் கொத்தனாரை வைத்து அவசரமாகக் கட்டினோம். முன்பே செய்திருக்கலாம்.

இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, தேன், ஆப்பிள் வினிகர் கலந்து குடித்தால் அடைப்பு கரையும் என்று பதினேழு நாளில் பதினோரு பேர் எங்களுக்கு அனுப்பினார்கள். கரையாது. குழாய்ச் சுவருக்குள் சுண்ணாம்பேறிக் கிடப்பதை வயிற்றுக்குள் போகும் சாறு தொடாது. மருதம்பட்டைக் கஷாயமும் இந்த மாத்திரைகளுக்கு ஈடு அல்ல. 'அறுவை இல்லாமல் அடைப்பு நீக்கம்' என்று விளம்பரம் செய்யும் இடங்களில் கால்களைக் காற்றுப் பட்டையால் அழுத்தும் சிகிச்சை வேறு வழியில்லாதவர்களுக்கு வலியைக் குறைக்க உதவலாம். அது அடைப்பை நீக்குவதில்லை. உணவில் நாங்கள் மாற்றியது சில: வெள்ளைப்பணியாரமும் கந்தரப்பமும் விசேஷத்துக்கு ஒன்று, அதுவும் மற்றவர் தட்டில் இருந்து. மோர் மிளகாய், வற்றல், ஊறுகாய் நின்றன. மண்டியும் கும்மாயமும் இருக்கின்றன, கும்மாயத்தில் நெய்யும் கருப்பட்டியும் பேருக்குத்தான். புகை பிடிப்பவராக இருந்தால் மூன்று தாளிலும் முதல் வரியாக அதை நிறுத்துவதை எழுதுங்கள்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் மாத்திரைத் தாள் மற்ற இரண்டின் அடியிலும் ஒட்டிக்கொண்டே வரும். பைபாஸ் செய்தும் அண்ணன் ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் சாப்பிடுகிறார், ஆயுள் முழுக்கச் சாப்பிடுவார். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர் வீட்டுக்கே கொண்டுவருகிறார். மற்றதை நான் மாதம் ஒருமுறை போய்ப் பெட்டியில் அடுக்கிக் கொடுக்கிறேன். 2024-இல் நடக்கவில்லை, குன்றக்குடியில் காவடிகளை வழியனுப்பிவிட்டு வந்தார். 2025-இல் மருத்துவர் அனுமதியோடு சிங்கம்புணரிவரை நடந்தார், வலி இல்லை. அடுத்த தைக்கு நத்தம்வரை போகலாமா என்று கேட்டிருக்கிறார். மார்கழியில் டிரெட்மில் சோதனைக்குத் தேதி வாங்கியிருக்கிறோம்.